நீலப் பம்மை மட்டும் கேட்டு வருபவரிடம் மருந்தாளர் என்ன பேசலாம்?

திருகோணமலை நகரில் ஒரு மருந்தகத்தில் அண்மையில் பொறுப்பேற்ற இளம் மருந்தாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் பலர் மாதந்தோறும் நீலப் பம்மை மட்டும் வாங்கிச் செல்கிறார்கள். நாளாந்தம் எடுக்கும்படி வைத்தியர் எழுதிய பழுப்புப் பம் வேண்டாம் என்கிறார்கள். எடுத்துச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த மாதமும் அதே கதைதான். கவுண்டரில் நிற்கிற நான் இதில் உண்மையாக என்ன செய்ய முடியும்? மாலை நேரத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம் ஒதுக்குவதே கடினம்."

இதே நகரில் 26 ஆண்டுகள் கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பம் என்று நாம் சொல்வது வாயால் உறிஞ்சும் இன்ஹேலரை: நீலம், முட்டு (மூச்சுத் திணறல்) வந்ததும் உடனே இளைப்பாற்றுவது; பழுப்பு, முட்டு வராமல் தடுக்க நாளாந்தம் எடுப்பது. எடுத்துச் சொன்னால் தலையாட்டுகிறார்கள் என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே பாதி விடை கிடக்கிறது. பேச்சை விரைவாக முடித்துக்கொண்டு வெளியேற விரும்புகிறவர்தான் தலையாட்டுவார். அவர் மருந்தை எடுக்காமல் இருப்பதற்கு அவரிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் பிழையானதாக இருக்கலாம், ஆனால் அதைக் கேட்டறியாமல் நாம் கொடுக்கும் அறிவுரை அவர் காதோடு நின்றுவிடும். ஆகவே சொல்வதைக் குறைத்துக் கேட்பதையும் பார்ப்பதையும் கூட்டுங்கள் என்பதே என் பதில். மீதியெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

கேட்பதற்கு முன்னர் ஒரு சிறு கணக்குப் போட வேண்டும். 200 தடவை விசிறக்கூடிய பழுப்புப் பம்மில் காலை 2, மாலை 2 என்று எழுதப்பட்டிருந்தால் அது 50 நாளில் தீர்ந்துவிட வேண்டும். தைப்பொங்கலன்று வாங்கியவர் சித்திரை வருடப்பிறப்புக்கு முந்திய கிழமையில் அடுத்ததைக் கேட்டு வந்தால் இடையில் ஏறக்குறைய 83 நாட்கள் கழிந்திருக்கின்றன. எழுதப்பட்ட மருந்தில் சுமார் 60 சதவீதத்தையே அவர் எடுத்திருக்கிறார். நீலப் பம்மில் கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடும். மாதம் ஒன்றை முடிக்கிறவர் நாளொன்றுக்கு 6, 7 தடவை அதை நாடுகிறார் என்று பொருள். இதைக் கண்டுபிடிக்கக் கணினி தேவையில்லை. நான் ஒரு சீ.ஆர். கொப்பியில், நோயாளியின் சம்மதத்தோடு, பெயரின் முதலெழுத்தையும் வாங்கிய திகதியையும் மட்டும் எழுதி வந்தேன். வைத்தியருக்கு நோயாளி சொல்வது மட்டுமே தெரியும். எத்தனை பம் உண்மையில் வாங்கப்பட்டது என்பது நமக்குத்தான் தெரியும். அரச கிளினிக்கில் ஒன்று, வெளியில் ஒன்று என இரண்டு இடத்திலும் மருந்து எடுப்பவர்களின் கணக்கு மட்டும் இதில் பிசகும். அதைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம்.

நீலப் பம் தீருகிற வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் சல்பியூட்டமோல் மூச்சுக் குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துகிறது. குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அழற்சியைத் தணிப்பது பெக்லோமெத்தசோன், பியூடசொனைட், புளூட்டிகசோன் போன்ற உறிஞ்சும் ஸ்டெரொயிட் மருந்துகள்தாம். ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் 'ஜினா' அமைப்பு, பெரியவர்களுக்குச் சல்பியூட்டமோலை மட்டும் தனியாகக் கொடுத்து நடத்தும் சிகிச்சையை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2019 இல் அறிவித்தது. ஆண்டுக்கு மூன்று நீலப் பம் அல்லது அதற்கு மேல் முடிப்பவருக்குக் கடும் தாக்கம் வரும் ஆபத்துக் கூடுகிறது என்றும், பன்னிரண்டைத் தொடுபவருக்கு இறப்பு ஆபத்தே கூடுகிறது என்றும் அதே வழிகாட்டி கூறுகிறது. பிரித்தானியாவில் ஆஸ்துமா இறப்புகளை ஆராய்ந்து 2014 இல் வெளியான தேசிய மீளாய்வில், விபரம் கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்திய ஓராண்டில் இத்தகைய பம்கள் பன்னிரண்டுக்கு மேல் எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பம்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மருந்தகக் கவுண்டரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இந்த எண்ணிக்கையை வாசித்த நாளிலிருந்து, "நீலம் ஒன்று தாருங்கள்" என்ற சொல்லைச் சாதாரண வியாபாரமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனிக் கேட்கும் விதத்துக்கு வருவோம். "பழுப்புப் பம்மை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "ஓம்" என்ற ஒரே பதில்தான் வரும். அதற்குப் பதிலாக, "ஒவ்வொரு நாளும் தவறாமல் எடுப்பது பலருக்கும் முடிவதில்லை, போன கிழமை உங்களுக்கு எத்தனை நாள் எடுக்க முடிந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். எடுக்காமல் விட்டதை வெட்கமின்றிச் சொல்வதற்கு அந்த முதல் வாக்கியம் இடம் திறந்துவிடுகிறது. அடுத்து, கடந்த நாலு கிழமையைப் பற்றி நான்கு கேள்விகள்: பகலில் முட்டு கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்ததா, இரவில் முட்டு வந்து ஒரு நாளாவது எழும்பினாரா, நீலப் பம்மைக் கிழமைக்கு இரண்டு தடவைக்கு மேல் தொட்டாரா, வழமையாகச் செய்யும் வேலையில் எதையாவது குறைத்துக்கொண்டாரா. கடைசிக் கேள்வியில் அவசரப்படாதீர்கள். கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில் இப்போது இரண்டு இடத்தில் நின்று போகிறேன், அது வயது போனதால் என்பார்கள். 48 வயதில் அப்படிச் சொன்னவர்களும் உண்டு.

அப்படிக் கேட்டால் வருகிற காரணங்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது எனக்கு உதவியது. மருந்து எடுக்க விரும்பியும் முடியாமல் இருப்பவர் ஒருவர்: மறக்கிறார், கருவியைப் பிழையாகப் பிடிக்கிறார், கையில் காசு இல்லை. எடுக்கவே மனமில்லாதவர் மற்றவர்: பயப்படுகிறார், அல்லது தனக்குத் தேவையில்லை என்று நினைக்கிறார். முன்னவருக்குப் பயத்தைப் போக்கும் பேச்சும், பின்னவருக்குக் கைத்தொலைபேசி அலாரமும் ஒரு பயனும் தராது. நாம் பெரும்பாலும் ஆளைப் பாராமல் எல்லாருக்கும் ஒரே பாட்டைப் பாடுகிறோம்.

பயங்களில் முதன்மையானது "பம் பிடிக்கத் தொடங்கினால் பிறகு விட முடியாது" என்பது. அடுத்தது "ஸ்டெரொயிட்" என்ற சொல்லே. அது சும்மா வந்த பயமும் அல்ல. குளிசையாகப் பிரட்னிசொலோனை மாதக்கணக்கில் விழுங்கி முகம் ஊதி, சீனி வருத்தம் வந்து, எலும்பு நொய்ந்த ஓர் உறவினரை அவர்கள் பார்த்திருப்பார்கள். "அப்படி ஒன்றும் வராது" என்று தட்டிக் கழிப்பதைவிட அளவைக் காட்டுவது நல்லது. கடும் தாக்கத்தின்போது சில நாட்களுக்குக் கொடுக்கும் பிரட்னிசொலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை இருக்கும்; 100 மைக்ரோகிராம் பழுப்புப் பம்மை நாலு தடவை விசிறினால் நாள் முழுவதற்கும் 0.4 மில்லிகிராம்தான். இரண்டு மருந்தின் வலிமையும் வேறு வேறு என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிடுவது முழுமையான விஞ்ஞானம் ஆகாது. ஆனாலும் மருந்து நேரே நெஞ்சுக்குள் போவதால் இவ்வளவு சிறிய அளவு போதுமாகிறது என்பது அவருக்கு விளங்கும். கூடவே, பழுப்பை ஒழுங்காக எடுத்தால் அந்தப் பெரிய அளவுக் குளிசை தேவைப்படும் நாட்களே குறையும் என்பதையும் சொல்லிவிடலாம். வாயில் வெண்படலமும் குரல் கம்முவதும் உண்மையாகவே வரக்கூடிய தொந்தரவுகள். அவற்றை மறைக்காமல் சொல்லி, ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள்.

தேவையில்லை என்று நினைப்பவரோடு வாதம் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் மட்டும் முட்டு வருகிறவர், ஐப்பசியில் தொடங்கித் தையோடு நிறுத்திவிடுவார். நெல் அடிக்கும் தூசியில் நின்றால் வரும் என்பார் தம்பலகாமத்துக்காரர். அவர்கள் கவனித்தது சரியே. தாக்கம் இல்லாத நாளிலும் குழாயின் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கலாம் என்பதைத்தான் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். எந்த மாதத்தில் குறைக்கலாம், எப்போது நிறுத்தலாம் என்பதை வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கலாம் என்ற வழியையும் காட்ட வேண்டும். தூதுவளை ரசமும் ஆடாதோடைக் கசாயமும் எடுப்பவரை நான் மறித்ததில்லை. பம்முக்குப் பதிலாக அதை எடுக்காதவரை எனக்கு அதில் வழக்கில்லை.

ஒரு பயத்தை நான் மிகப் பிந்தியே அறிந்தேன். உவர்மலைப் பக்கமிருந்து வரும் ஒரு தாயார், இரண்டு ஆண்டுகளாக நீலப் பம்மைக் கடுதாசிப் பையில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிப் போனார். பழுப்பை ஒருபோதும் வாங்கவில்லை. கடையில் வேறு ஒருவரும் இல்லாத ஒரு நண்பகலில் கேட்டபோதுதான் சொன்னார்: மகளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், தாய் தொய்வுக்காரி என்று தெரிந்தால் மகளையும் அப்படித்தான் நினைப்பார்கள், அதனால் நாளாந்தம் எடுக்கும் மருந்து வீட்டில் இருப்பதே ஆபத்து. அவருக்கு மறதியும் இல்லை, மருந்தின் மேல் பயமும் இல்லை. பழுப்புப் பம் காலையும் இரவும் மட்டும் போதும், குளியலறையில் பல் விளக்கும் குவளைக்குப் பக்கத்தில் வைத்தால் விசிறியதும் வாய் கொப்பளிப்பதும் அங்கேயே முடிந்துவிடும், அதை ஒழுங்காக எடுத்தால் வருகிறவர்கள் முன்னால் இரைத்துக்கொண்டு நிற்க வேண்டி வராது என்று சொன்னேன். எடுக்கத் தொடங்கினார். பல் துலக்கும் நேரத்தோடு மருந்தைக் கட்டிவிடும் அந்த யோசனையை அதன் பிறகு எல்லாருக்கும் சொல்லி வருகிறேன். மறதிக்காரருக்கும் அதைவிடச் சிறந்த மருந்து நான் காணவில்லை.

அடுத்தது கை. தம் கருவியைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று 70 முதல் 80 சதவீதமான நோயாளிகளைப் பற்றி ஜினா கூறுகிறது. அவர்களில் பெரும்பாலானோருக்குத் தாம் செய்வது பிழை என்பதே தெரியாது. ஆகவே "பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. "எனக்கு ஒருக்கால் செய்து காட்டுங்கள்" என்று கேட்டு, வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து வந்த கடற்றொழிலாளி ஒருவருக்கு நான்கு மாதமாக முட்டு அடங்கவில்லை. கருவியில் இட்டு உறிஞ்சும் கப்சூல் எழுதியிருந்தது. செய்து காட்டச் சொன்னபோது கப்சூலை எடுத்து வாயில் போட்டு, தண்ணீருக்குக் கையை நீட்டினார். காலையும் இரவும் பிளேன்டீயோடு அதை விழுங்கி வந்திருக்கிறார். கருவியைப் பற்றிக் கேட்டதற்கு, அது அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது என்றார். மருந்துப் பையைத் திருப்பிப் பார்த்தேன். "காலை 1, இரவு 1" என்று இருந்தது. எழுத்து என்னுடையது. அன்றிலிருந்து "விழுங்கக் கூடாது, கருவியில் இட்டு உறிஞ்சவும்" என்று எழுதாமல் அந்தக் கப்சூலை நான் கொடுத்ததில்லை. பத்து, பதினைந்து என்று எண்ணிக் கொடுக்கும்போது உற்பத்தியாளரின் துண்டுப் பிரசுரம் கூடப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். கப்சூலை ஈரம் பாதிக்கும். மாரி காலத்தில் மூடி இறுகிய போத்தலில் கொடுத்து, குசினியில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது அவசியம்.

விசிறும் பம்முக்கும் தூளை உறிஞ்சும் கருவிக்கும் மூச்சு எடுக்கும் விதம் நேர்மாறானது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பம்மை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகப் பற்றி, மெதுவாகவும் ஆழமாகவும் உள்ளிழுக்கத் தொடங்கும் கணத்தில் அழுத்தி, 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது தடவைக்கு அரை நிமிடமாவது பொறுத்து மறுபடி குலுக்க வேண்டும். தூள் கருவியிலோ மெதுவாக இழுத்தால் தூள் தொண்டையோடு நின்றுவிடும். வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அதற்குள் மூச்சை ஊதினால் ஈரம் பட்டுத் தூள் கட்டியாகும். கப்சூலில் தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தடவை இழுக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு வகைக் கருவியும் ஒரே காலத்தில் எழுதப்பட்டிருந்தால், ஒரே வகையாக மாற்ற முடியுமா என்று வைத்தியரைக் கேட்பது நம் வேலைதான்.

அழுத்துவதையும் இழுப்பதையும் ஒத்திசைக்க முடியாதவர்களுக்கு, குறிப்பாக விரல் மூட்டு நோகும் முதியவர்களுக்கு, பம்முக்கும் வாய்க்கும் இடையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழாய் வேண்டும். அது பிள்ளைகளுக்குரியது என்ற எண்ணம் இங்கே ஊறிக்கிடக்கிறது. பெரியவர்களுக்கும் அதனால் தொண்டையில் படிவது குறைந்து நெஞ்சுக்குள் போவது கூடுகிறது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துணியால் துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துடைத்தால் நிலைமின் ஏறி மருந்துத் துளிகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். வாங்க வசதியில்லாதவருக்கு 500 மில்லிலீட்டர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்மின் வாய் இறுகப் பொருந்தும்படி துளையிட்டு ஒட்டிக் கொடுக்கலாம். கேப் டவுனில் பிள்ளைகளிடம் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வில், ஒட்டி மூடப்பட்ட அத்தகைய போத்தல் கடைச் சாமானுக்குச் சமமாகவே வேலை செய்தது.

பம் முடிந்துவிட்டதா என்று குலுக்கிப் பார்ப்பதும் தண்ணீரில் மிதக்கவிடுவதும் நம்பத்தக்கவை அல்ல. மருந்து தீர்ந்த பின்னரும் உந்துவாயு வந்துகொண்டிருக்கும். எண்ணிக்கை காட்டும் கருவி இல்லாத பம்மில், முடியவேண்டிய திகதியைக் கொடுக்கும்போதே பேனாவால் எழுதிவிடுங்கள். வெயிலில் நிற்கும் முச்சக்கர வண்டியிலோ வள்ளத்திலோ அதை விட்டுவைக்க வேண்டாம் என்பதும் நம்மூருக்கு அவசியமான அறிவுரை.

சல்பியூட்டமோல் குளிசை பற்றி ஒரு வார்த்தை. பம் வேண்டாம், 4 மில்லிகிராம் குளிசை தாருங்கள் என்று கேட்பவர் இன்னும் இருக்கிறார்கள். 100 மைக்ரோகிராம் விசிறலோடு ஒப்பிட்டால் ஒரு குளிசை 40 மடங்கு. அதுவும் இரத்தத்தினூடாகச் சுற்றி வந்து, கையை நடுங்கவைத்து, நெஞ்சைப் படபடக்கவைத்துவிட்டு, பிந்தியே வேலை செய்யும். "பம் இருதயத்தைப் பழுதாக்கும்" என்று பயந்து குளிசைக்குப் போனவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவரே சிரித்துவிடுவார்.

வேறு மருந்துகளைக் கொடுக்கும்போதும் ஆஸ்துமாவை நினைக்க வேண்டும். முதுகு நோவுக்கு டைக்குளோபினாக், பல் நோவுக்கு இபுபுரொபன் கேட்டு வருகிறவரிடம், முன்பு அசுப்பிரினோ நோவுக் குளிசையோ எடுத்து முட்டு வந்ததுண்டா என்று ஒரு கேள்வி கேளுங்கள். வயதுவந்த ஆஸ்துமாக்காரரில் சுமார் 7 சதவீதமானோருக்கு இந்த ஒவ்வாமை உண்டு. ஒற்றைத் தலைவலிக்கு எழுதும் புரொப்பிரனொலோலும், கண்ணழுத்தத்துக்கு விடும் டிமொலோல் சொட்டும் மூச்சுக் குழாயை இறுக்கக்கூடியவை. கண் சொட்டு நெஞ்சைத் தொடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தியோபிலின் என்ற ஆஸ்துமா மருந்தை எடுப்பவருக்குச் சிப்ரோபிளொக்சசின் அல்லது எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதியிருந்தால் கொடுப்பதற்கு முன் வைத்தியரை அழையுங்கள். இரத்தத்தில் அதன் அளவு ஏறி வாந்தியும் வலிப்பும் வரலாம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களோடு நோன்பு மாதத்துக்கு முன்னரே பேசுங்கள். பம் பிடித்தால் நோன்பு முறியுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை; அதைத் தீர்ப்பது நமது வேலையும் அல்ல. நாளுக்கு இரண்டு தடவை எடுக்கும் மருந்தைச் சஹர் நேரத்திலும் நோன்பு திறந்த பின்னரும் எடுத்தால் கேள்வியே எழாது என்பதை நாம் சொல்லலாம். பகலில் கடும் முட்டு வந்தால் நீலப் பம்மை ஒத்திப்போடக் கூடாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லுங்கள். அதேபோல, கர்ப்பிணியாக இருக்கும் பெண் பயந்து பழுப்புப் பம்மை நிறுத்தினால், மருந்தைவிட அடங்காத ஆஸ்துமாவே வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கு அதிக ஆபத்து என்பதைத் தெளிவாகச் சொல்லி, அன்றைக்கே வைத்தியரிடம் அனுப்புங்கள்.

காசு விடயத்தில் நமக்குச் சங்கடம் உண்டு, ஏனென்றால் நாம் விற்கிறவர்கள். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் உடனே இளைப்பாற்றும் நீலத்தைத்தான் எவரும் வாங்குவார். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பழுப்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்து நீட்டியவர்கள் பலர் அந்தப் பழக்கத்திலிருந்து மீளவில்லை. அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்தால் மருந்து இலவசம் என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு வாடிக்கையாளரை இழப்பீர்கள், அவ்வளவுதான். மலிவான வேறு தயாரிப்புக்கு மாற்றும்போது கருவியும் மாறினால், பிடிக்கும் முறையை மறுபடி காட்டாமல் கொடுக்காதீர்கள்.

இப்படி ஒரு மருந்தாளர் பேசுவதால் நாட்டளவில் ஏதும் மாறுமா என்ற ஐயம் உங்களுக்கு வரலாம். பின்லாந்து 1994 முதல் 2004 வரை நடத்திய ஆஸ்துமாத் திட்டத்தில் ஏறக்குறைய 700 மருந்தகங்களில் ஆஸ்துமாவுக்கென்று ஒரு மருந்தாளரைப் பயிற்றி நிறுத்தினார்கள். அந்தப் பத்தாண்டில் ஆஸ்துமாவுக்காக வைத்தியசாலையில் கழிந்த நாட்கள் பாதிக்கும் கீழே இறங்கின. வைத்தியர்களும் தாதியரும் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் மருந்தகத்தை ஒதுக்கிவிட்டுச் செய்யவில்லை.

மூன்று நிமிடம்தான் இருக்கிறது என்றீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். அவர் மாதாமாதம் வருகிறவர். ஒரு மாதம் அந்த நாலு கேள்வி, அடுத்த மாதம் செய்துகாட்டச் சொல்வது, அதற்கடுத்தது பயம். பேச முடியாமல் சொல் சொல்லாக இழுத்துக்கொண்டு, உதடு நீலம் பாரித்து ஒருவர் உள்ளே வந்தால் மட்டும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நிமிர்த்தி இருத்தி, ஸ்பேசரில் நீலப் பம்மை ஒவ்வொன்றாக 4 முதல் 10 தடவை கொடுத்து, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். வண்டி வரும்வரை 20 நிமிடத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்யலாம்.

மாதம் ஒரு நீலப் பம் முடிக்கிறவரை வைத்தியரிடம் போகச் சொன்னால் பெரும்பாலும் போக மாட்டார். போனாலும் "மருந்து நல்லது ஐயா" என்பார். ஆகவே கையில் ஒரு துண்டு கொடுத்தனுப்புங்கள், கிளினிக் கொப்பியின் அட்டைக்குள் நீங்களே செருகிவிடுங்கள். நான் எழுதும் துண்டு இவ்வளவுதான்: "கடந்த 4 மாதத்தில் சல்பியூட்டமோல் பம் 4, பெக்லோமெத்தசோன் பம் 1 வாங்கியுள்ளார். கிழமையில் மூன்று இரவு எழும்புகிறார். பிடிக்கும் முறை இன்று திருத்தப்பட்டது. பழுப்புப் பம் பழகிவிடும் என்று பயப்படுகிறார். தயவுசெய்து அதைப் பற்றி அவரோடு பேசவும்." கீழே கையொப்பமும் கடைத் தொலைபேசி இலக்கமும்.